திறக்க மறுக்கும் பழைய வன்தட்டு: அழிக்காமல் வாசிக்கக் கெர்னலைத் தயார்செய்வது எப்படி?

அலமாரியில் பல வருடங்களாகக் கிடந்த வன்தட்டு ஒன்றை எடுத்துக் கணினியில் செருகினால், "இந்தத் தட்டைப் பயன்படுத்த முன்னர் ஃபோர்மற் செய்ய வேண்டும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்பதுண்டு. தட்டு பழுதாகிவிட்டது அல்லது அதில் ஒன்றுமில்லை என்று நினைத்துப் பலர் "ஓம்" என்பதை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கேள்வியின் பொருள் வேறு. பல சமயங்களில் "இதில் எழுதப்பட்டிருக்கும் முறை எனக்குத் தெரியாது" என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. கணினிக்கு வாசிக்கத் தெரியாத தட்டு வேறு, வெறுமையான தட்டு வேறு.

போரில் வீட்டையும் பெட்டியையும் அதற்குள் இருந்த கடதாசிகளையும் இழந்த எம்மவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரேயொரு படம், காணி உறுதியின் பிரதி, பாடசாலைப் பதிவேடு, இடப்பெயர்வுக்கு முந்திய ஊரின் திருவிழா வீடியோ என்பவற்றில் எஞ்சியவை பல இன்று ஸ்ரூடியோக்காரரிடமோ, ஊர்ச் சங்கத்திடமோ, வெளிநாட்டிலுள்ள உறவினரிடமோ இருக்கும் பழைய வன்தட்டுகளிலும் மெமரி கார்ட்டுகளிலும்தான் உள்ளன. அவற்றை அழிக்காமல் திறப்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலை எப்படித் தயார்செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

கோப்பு முறைமையும் கெர்னலும்

வன்தட்டில் இருப்பவை வெறும் இலக்கங்கள். எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை ஒரு படம், அதன் பெயர் என்ன, எப்போது எழுதப்பட்டது என்ற கணக்கை வைத்திருப்பது கோப்பு முறைமை. ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு முறையை வைத்திருக்கிறது. விண்டோஸ் பெரும்பாலும் என்.ரி.எவ்.எஸ். முறையில் எழுதும். பழைய பென் டிரைவ்களிலும் 32 ஜிபி வரையான மெமரி கார்ட்டுகளிலும் ஃபற் 32 இருக்கும். அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கார்ட்டுகள் எக்ஸ்ஃபற் முறையில் வருகின்றன. அப்பிள் மெக் கணினிகள் 1998 முதல் எச்.எவ்.எஸ். பிளஸ் முறையையும், 2017 முதல் ஏ.பி.எவ்.எஸ். முறையையும் பயன்படுத்தின. லினக்ஸ் கணினிகளிலும், அலுவலகங்களில் வைத்திருக்கும் பல சேமிப்புப் பெட்டிகளிலும் ஈ.எக்ஸ்.ரி. வரிசை முறைகள் இருக்கும்.

இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னல்தான் வன்தட்டோடு நேரடியாகப் பேசுகிறது. ஒரு முறைமையை வாசிக்கும் நிரல் கெர்னலுக்குள் இருந்தால் தட்டு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. விண்டோஸ் அப்பிளின் முறைகளைத் தானாக வாசிக்காது. லினக்ஸ் கெர்னலோ பிறர் உருவாக்கிய முறைகள் பலவற்றை வாசிக்கப் பழகியது. தேவையான நிரலை நாமே சேர்க்கவும் நீக்கவும் அது இடம் தருகிறது. பழைய தட்டுகளைத் திறக்க லினக்ஸை நாடுவது இதனால்தான்.

இந்த ஆதரவு ஒரே நாளில் வந்ததல்ல. என்.ரி.எவ்.எஸ். முறையை வாசிக்கும் நிரல் 1990களின் இறுதியிலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. ஆனால் எழுதும் வசதி மிகக் குறைவாகவே இருந்தது. 2007இல் நிலையான பதிப்பாக வெளிவந்த என்.ரி.எவ்.எஸ்.-3ஜி என்ற மென்பொருள் கெர்னலுக்கு வெளியே நின்று, ஃபியூஸ் என்ற இடைமுகத்தின் ஊடாக வாசிப்பு, எழுத்து இரண்டையும் செய்தது. பின்னர் பராகன் நிறுவனம் வழங்கிய என்.ரி.எவ்.எஸ்.3 நிரல் 2021இல் வந்த 5.15 பதிப்பில் கெர்னலில் சேர்ந்தது. பழைய நிரல் 2024இல் வந்த 6.9 பதிப்பில் நீக்கப்பட்டது. எக்ஸ்ஃபற் முறையின் விவரக்குறிப்பை மைக்ரோசொப்ட் 2019இல் வெளியிட்டது. அடுத்த வருடம் 5.7 பதிப்பில் சம்சுங் வழங்கிய நிரல் இடம்பெற்றது. ஆகவே உங்களிடம் இருக்கும் கெர்னலின் பதிப்பு எது என்பது முக்கியம். "யுனேம் -ஆர்" என்ற கட்டளை அதைச் சொல்லும்.

முதல் விதி: தட்டில் எதையும் எழுதவேண்டாம்

கெர்னலைத் தொட முன்னர் தட்டைப் பாதுகாக்க வேண்டும். தட்டு "டிக், டிக்" என்று சத்தமிட்டாலோ அடிக்கடி தொடர்பு அறுந்தாலோ அது இயந்திரக் கோளாறு. உடனே மின்னை நிறுத்தி, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுக்கவும். மென்பொருளால் அதைத் திருத்த முடியாது. மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது மிஞ்சியிருப்பதையும் கெடுத்துவிடும்.

சத்தமில்லாத தட்டிலும் ஆபத்துண்டு. செருகியவுடன் தானாகத் திறக்கும் வசதி பல லினக்ஸ் பதிப்புகளில் இருக்கிறது. திறக்கும்போதே முறைமை தன் கணக்குகளைத் திருத்தி எழுதக்கூடும். விண்டோஸும் தனக்குத் தெரிந்த தட்டுகளில் தன் சொந்தக் கோப்புறை ஒன்றை உருவாக்கிவிடும். எனவே அமைப்புகளில் தானாக ஏற்றும் வசதியை முதலில் நிறுத்தவும். தட்டைச் செருகியபின் "புளொக்டெவ்" கட்டளையின் "செற்ஆர்ஓ" தெரிவைக் கொண்டு, முழுத் தட்டையும் அதன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே "வாசிக்க மட்டும்" என்று குறிக்கவும்.

தட்டைக் கோப்புறை ஒன்றோடு இணைக்கும் "மவுண்ட்" கட்டளையிலும் "ஆர்ஓ" என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். ஆனால் ஈ.எக்ஸ்.ரி.3, ஈ.எக்ஸ்.ரி.4 முறைகளில் அது மட்டும் போதாது. தட்டு முன்பு ஒழுங்காக நிறுத்தப்படாமல் கழற்றப்பட்டிருந்தால், வாசிக்க மட்டும் திறந்தாலும் கெர்னல் அதன் நிகழ்வுக் குறிப்பேட்டைப் பார்த்து எஞ்சிய வேலைகளைத் தட்டில் எழுதி முடிக்கும். அதைத் தடுக்க "நோலோட்" என்ற தெரிவையும் சேர்க்கவும்.

என்ன முறைமை என்று அறிதல்

"எல்.எஸ்.பி.எல்.கே. -எஃப்" என்ற கட்டளை இணைந்திருக்கும் தட்டுகளையும் அவற்றின் பகுதிகளையும் கோப்பு முறைமைகளையும் வரிசையாகக் காட்டும். "பி.எல்.கே.ஐ.டி." கட்டளையும் அதே வேலையைச் செய்யும். அளவைப் பார்த்து உங்கள் தட்டு எது என்று உறுதிசெய்யவும். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற பெயர்கள் செருகும் ஒழுங்குக்கேற்ப மாறும். நேற்றுப் பார்த்த பெயரை இன்று நம்பக்கூடாது.

முறைமையின் பெயருக்குப் பதில் "பிற்லொக்கர்" என்று காட்டினால் அது விண்டோஸ் குறியாக்கம் செய்த தட்டு. 2020இல் வந்த 2.3 பதிப்பு முதல் "கிரிப்ற்செற்றப்" மென்பொருள் அதைத் திறக்கும். ஆனால் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ கையில் இருக்க வேண்டும்.

கெர்னலில் ஆதரவு இருக்கிறதா?

ஏற்ற முயலும்போது "தெரியாத கோப்பு முறைமை வகை" என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், நிரல் ஏற்றப்படவில்லை என்று கொள்ளலாம். மூன்று இடங்களில் பார்க்கவும்.

முதலாவது, "புரொக்" கோப்புறைக்குள் உள்ள "ஃபைல்சிஸ்டம்ஸ்" என்ற கோப்பு. கெர்னல் இப்போது அறிந்திருக்கும் முறைமைகள் அதில் இருக்கும். இரண்டாவது, "மொட்புரோப்" கட்டளை. "மொட்புரோப் என்.ரி.எவ்.எஸ்.3" என்று கொடுத்துப் பிழைச்செய்தி வராவிட்டால் நிரல் கூறாக இருந்தது, இப்போது ஏற்றப்பட்டுவிட்டது. எச்.எவ்.எஸ். பிளஸ் முறைக்கு "எச்எவ்எஸ்பிளஸ்" என்ற கூறையும், ஃபற் 32 முறைக்கு "விஃபற்" என்ற கூறையும் இவ்வாறே சோதிக்கலாம். மூன்றாவது, "பூட்" கோப்புறையில் "கொன்ஃபிக்" என்று தொடங்கி கெர்னல் பதிப்பு எண்ணோடு முடியும் கோப்பு. கெர்னல் எந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டது என்பது அதில் வரிவரியாக உண்டு. ஒரு தெரிவுக்கு எதிரே "வை" என்றிருந்தால் அந்த நிரல் கெர்னலோடு ஒன்றாக உள்ளது. "எம்" என்றிருந்தால் தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கூறாக உள்ளது. "நொற் செற்" என்றிருந்தால் அது சேர்க்கப்படவில்லை.

இல்லையென்றால் உடனே கெர்னலைக் கட்டத் தொடங்க வேண்டியதில்லை. சில லினக்ஸ் பதிப்புகள் அரிதாகப் பயன்படும் கூறுகளைத் தனிப் பொதியாக வைத்திருக்கின்றன. உபுண்டுவில் அதன் பெயர் "லினக்ஸ் மொடியூல்ஸ் எக்ஸ்ரா". என்.ரி.எவ்.எஸ். தட்டுக்கு முன்னர் சொன்ன என்.ரி.எவ்.எஸ்.-3ஜி பொதியை நிறுவலாம். ஏ.பி.எவ்.எஸ். முறைக்கான நிரல் லினக்ஸின் மூலக் கெர்னலில் இல்லை. அந்தத் தட்டுகளை மெக் கணினி ஒன்றில் திறந்து எக்ஸ்ஃபற் தட்டுக்குப் பிரதி எடுப்பதே இலகு.

கெர்னலை நாமே கட்டுதல்

மேற்சொன்ன வழிகள் சரிவராதபோது கெர்னலைக் கட்டலாம். 20 ஜிபிக்குக் குறையாத வெற்றிடமும் சில மணிநேரமும் ஒதுக்கவும். பழைய தட்டு கழற்றிய நிலையில் இருக்கட்டும்.

1. கெர்னல் திட்டத்தின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மூல நிரலை இறக்கி விரிக்கவும். தொகுப்பான், பைசன், ஃபிளெக்ஸ் முதலிய கருவிகளையும், ஓப்பன் எஸ்.எஸ்.எல்., என்.கேர்சஸ் ஆகியவற்றின் உருவாக்கப் பொதிகளையும் நிறுவவும்.

2. "பூட்" கோப்புறையிலுள்ள இப்போதைய "கொன்ஃபிக்" கோப்பைப் பிரதி எடுத்து, மூல நிரலின் கோப்புறைக்குள் புள்ளியோடு தொடங்கும் ".கொன்ஃபிக்" என்ற பெயரில் வைக்கவும். "மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்" என்று கொடுத்தால் புதிய தெரிவுகளுக்கு இயல்பான விடைகள் நிரப்பப்படும்.

3. "மேக் மெனுகொன்ஃபிக்" கொடுத்தால் பட்டியல் திறக்கும். அதில் "ஃபைல் சிஸ்டம்ஸ்" என்ற பிரிவுக்குள் டொஸ், ஃபற், எக்ஸ்ஃபற், என்.ரி. முறைமைகள் ஓரிடத்தில் உள்ளன. வேண்டியவற்றில் "எம்" எழுத்தை அழுத்தவும். அப்பிளின் எச்.எவ்.எஸ். பிளஸ் "மிசலேனியஸ் ஃபைல்சிஸ்டம்ஸ்" என்ற உட்பிரிவில் இருக்கிறது.

4. பழைய மெக் தட்டுகளுக்கு இன்னொன்றும் வேண்டும். தட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையும் அப்பிளின் பாணியில் இருக்கலாம். "பார்ட்டிஷன் ரைப்ஸ்" பிரிவில் மெக்கின்ரொஷ் அட்டவணைக்கான தெரிவையும் இயக்கவும். இதை விட்டால் கோப்பு முறைமைக்கான நிரல் இருந்தும் பகுதிகளே கண்ணில் படாது.

5. "மேக்", பின்னர் நிர்வாகி உரிமையோடு "மேக் மொடியூல்ஸ்_இன்ஸ்ரோல்", "மேக் இன்ஸ்ரோல்" ஆகியவற்றைக் கொடுத்து, கணினியை மீளத் தொடங்கிப் புதிய கெர்னலைத் தெரிவுசெய்யவும். பழைய கெர்னலை நீக்க வேண்டாம். புதியது தொடங்காவிட்டால் அதுவே கைகொடுக்கும்.

மூன்று இடங்களில் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்த "மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்" என்ற சுருக்கவழியைச் சிலர் பயன்படுத்துவார்கள். அது அந்த வேளையில் ஏற்றப்பட்டிருக்கும் கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடும். நாம் தேடும் அந்நிய முறைமை அப்போது ஏற்றப்பட்டிருக்காது என்பதால் அதுவும் போய்விடும். அடுத்து, உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் தெரிவுக் கோப்புகளில் அவற்றின் சான்றிதழ்க் கோப்புகளுக்கான பாதை எழுதப்பட்டிருக்கும். அது நம்மிடம் இல்லாததால் கட்டுமானம் இடையில் நின்றுவிடும். அந்தப் பாதையை வெறுமையாக்கிவிட்டுத் தொடரவும். கடைசியாக, "செக்கியூர் பூட்" இயங்கும் கணினி, கையொப்பமிடாத கெர்னலைத் தொடங்க விடாது. அதை அணைக்கும் முன்னர், அதே கணினியிலுள்ள விண்டோஸ் பிற்லொக்கர் போட்டதா என்று பாருங்கள். போட்டதென்றால் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யவும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியானால்

தட்டு திறந்துவிட்டது, ஆனால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக இருக்கின்றன என்றால் பயப்பட வேண்டாம். பெயர்கள் தட்டில் சரியாகவே இருக்கும். அவற்றை எந்த எழுத்துக் குறியீட்டில் காட்டுவது என்பதில்தான் பிழை. கெர்னல் தெரிவுகளில் "நேற்றிவ் லாங்குவேஜ் சப்போர்ட்" பிரிவில் "யு.ரி.எவ்.-8" இயங்க வேண்டும். அதோடு ஏற்றும்போது என்.ரி.எவ்.எஸ்.3, எக்ஸ்ஃபற் இரண்டுக்கும் "ஐஓசார்செற்" தெரிவை யு.ரி.எவ்.8 என்றும், ஃபற் 32க்கு "யு.ரி.எவ்.8" என்ற தெரிவையும் கொடுக்கவும்.

நீளமான தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல் வரும். என்.ரி.எவ்.எஸ். ஒரு பெயரில் 255 குறிகள் வரை அனுமதிக்கிறது. ஈ.எக்ஸ்.ரி.4 அனுமதிப்பது 255 பைற்றுகள். யு.ரி.எவ்.-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று எடுக்கும். "கி" என்ற எழுத்தே இரண்டு குறிகள், அதாவது 6 பைற்றுகள். ஆகவே 85 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பு லினக்ஸ் தட்டுக்குப் பிரதியாகாமல் தவறிவிடும். பிரதி எடுத்தபின் கோப்புகளின் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டால் இது தெரியவரும்.

ஆவணத்தைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தெரிந்தால் அதற்குக் கெர்னல் பொறுப்பல்ல. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதாக இருக்கும். அதே எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளும் உண்டு. மூல ஆவணத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிரதியில் மட்டும் மாற்றவும்.

நேரத்தில் ஒரு அரைமணி

ஒரு படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது எம்மவர் பலருக்கு வெறும் தகவலல்ல. கோப்பு முறைமைகள் நேரத்தைக் குறிக்கும் விதம் வேறுபடுகிறது. என்.ரி.எவ்.எஸ். உலகப் பொது நேரத்தைப் பதிவுசெய்கிறது. ஃபற் 32 அந்தக் கருவியின் கடிகாரம் காட்டிய உள்ளூர் நேரத்தை மட்டும், எந்த நேர வலயம் என்று சொல்லாமல், 2 செக்கன் துல்லியத்தில் பதிவுசெய்கிறது.

இலங்கையின் நேரமோ இடையில் மாறியது. 1996 மே மாதத்தில் பொது நேரத்துக்கு 6 மணி 30 நிமிடம் முன்னாக்கப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் 6 மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் பழையபடி 5 மணி 30 நிமிடத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே பின்பற்றின. எனவே 2005ஆம் ஆண்டின் டிஜிட்டல் கமரா கார்ட் ஒன்றில் காலை 9 மணி என்றிருந்தால், அது கொழும்பு நேரமா வன்னி நேரமா என்பதைக் கார்ட் சொல்லாது. இன்றைய கணினி தன் வலயத்தைக் கொண்டு கணக்கிட்டு வேறொரு நேரத்தையும் காட்டலாம். கனடாவிலோ சுவிஸிலோ திறந்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஃபற் தட்டுகளை ஏற்றும்போது "ரி.இசெட்." தெரிவை "யு.ரி.சி." என்று கொடுத்து, கணினியின் நேர வலயத்தையும் யு.ரி.சி.யில் வைத்தால், கார்ட்டில் உள்ள எண்கள் மாற்றமின்றித் தெரியும். அதை அப்படியே குறித்துக்கொண்டு, கமரா யாருடையது, எங்கே இருந்தது என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதிவைக்கவும்.

பிரதியும் பாதுகாப்பும்

தட்டு திறக்கிறது என்று தெரிந்ததும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்க வேண்டாம். முதலில் "டிடிரெஸ்கியூ" மென்பொருளால் முழுத் தட்டையும் ஒரே படிமக் கோப்பாக எடுக்கவும். வாசிக்க முடியாத இடங்களை விட்டுவிட்டு நல்ல பகுதிகளை முதலில் எடுத்து, பின்னர் திரும்பி வந்து முயல்வது அதன் வழக்கம். படிமத்தைக் கெர்னலின் "லூப்" வசதி மூலம் தட்டுப் போலவே ஏற்றலாம். தேடுவது, பார்ப்பது எல்லாவற்றையும் படிமத்தில் செய்து, மூலத் தட்டைப் பெட்டியில் வைக்கவும்.

படிமத்துக்கு "எஸ்.எச்.ஏ.256 சம்" கட்டளையால் ஒரு குறியெண் எடுத்து, திகதியோடு எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நல்லது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் குறியெண் மாறிவிடும். நாளை ஒரு விசாரணையிலோ நீதிமன்றத்திலோ அதைக் காட்ட நேர்ந்தால், எடுத்த நாளிலிருந்து யாரும் திருத்தவில்லை என்று சொல்ல அது உதவும். பெயர்களும் முகங்களும் உள்ள தட்டு பிறர் கையில் போனால் அதிலுள்ளவர்களுக்குத் தீங்கு வரலாம். ஆகவே பிரதிகளைக் குறியாக்கம் செய்து, ஒன்றை வேறொரு இடத்தில் வைக்கவும். கடையில் கொடுத்துத் திறப்பதானால் பக்கத்தில் நின்று செய்விக்கவும்.

ஏற்கெனவே ஃபோர்மற் செய்துவிட்டவர்களும் தட்டை எறிந்துவிட வேண்டாம். விரைவு ஃபோர்மற் பெரும்பாலும் கணக்குப் பக்கங்களைத்தான் அழிக்கும். மேலே புதிதாக எதையும் எழுதாமல் உடனே கழற்றி வைத்தால் கணிசமானவற்றை மீட்க வாய்ப்புண்டு. விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபோர்மற் செய்யும்போது தட்டு முழுவதும் பூச்சியம் எழுதப்படுகிறது. அதன் பிறகு மீட்பு இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கெர்னலின் ஆதரவு என்றைக்கும் நிலைப்பதல்ல. 2000களின் தொடக்கத்தில் சூசே லினக்ஸில் இயல்பாக இருந்த ரைசர் எவ்.எஸ். முறைமை, 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் தட்டுகளைத் திறக்க இனிப் பழைய கெர்னலைத் தேடிப் போக வேண்டும். தட்டுகளும் வயதாகிக்கொண்டே போகின்றன. வீட்டில் பழைய வன்தட்டு இருப்பவர்கள், ஃபோர்மற் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிக் கழற்றி, மேலே என்ன இருக்கலாம், யாருடையது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டி, இந்த வருடத்துக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.